உள்ளே அடக்கம்

இனி இவ்வுலகில் எந்த மனிதரும் எந்தப் பணியிடத்துக்கும் வெளியே நிற்க வேண்டியதில்லை. அந்த இருண்ட யுகம் முடிந்துவிட்டது. இதை அறிவிப்பதற்காக, எல்லாரையும் உள்ளே சேர்க்கும் உள்ளடக்க மையத்தின் நெறியாளர் தம் பரிவாரத்தோடு சலவைக்கூடத்துக்கு வந்த அன்று நல்ல மழை. காவல்காரரிடம் யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. ஆகவே யுகத்தை முடிக்க வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார்கள்.

"யாரைப் பாக்கணும்?" என்று தன் கூண்டுக்குள்ளிருந்து கேட்டார் காவல்காரர்.

"நாங்க உதவி பண்ண வந்திருக்கோம்" என்றார் நெறியாளர்.

"உதவியெல்லாம் சாயங்காலமா வாங்க. இப்ப லாரி வர்ற நேரம்."

சின்ன முதலாளி குடையோடு ஓடிவந்து கேட்டைத் திறந்திராவிட்டால் இந்தக் கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும்.

அது மருத்துவமனைகளுக்கான சலவைக்கூடம். படுக்கை விரிப்புகள் அழுக்காக ஒரு வாசலில் நுழைந்து வெள்ளையாக மறு வாசலில் வெளியேறும். நடுவில் நாற்பது பேர். தொட்டிகள், பிழியும் எந்திரம், ஆவி மண்டும் உலர்த்தும் கூடம். அதைத் தாண்டினால் உருளை: கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பின் விளிம்பைச் செருகினால், அந்தப் பக்கம் அது காகிதம்போல விறைத்துக்கொண்டு வரும். கடைசியில் மடிப்பு மேசை.

அந்த மேசையில் தாடை வேலை செய்தாள். தாடை என்பது பட்டப்பெயர். பிறவியிலேயே அவளுடைய வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு வளர அதற்கு இஷ்டமில்லை. ஆகவே விரிப்பின் ஒரு முனையை இடது கையில் பிடித்து, மறு முனையைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு மடிப்பாள். எதிர்ப்பக்கத்து முனைகளைப் பிடிப்பவள் ரேடியோ. அவளும் பெண்தான், பெட்டி அல்ல. காலையில் திறந்த வாய் வீட்டுக்குப் போகும்போதும் திறந்தே போகும். அணைக்கத் திருகு கிடையாது. தாடை வாயைத் திறந்தால் விரிப்பு நழுவிவிடும். ரேடியோ வாயை மூடினால் அவளுக்கு மூச்சு முட்டும். இதைவிடப் பொருத்தமான ஜோடி எந்தக் கல்யாணத்திலும் அமைந்ததாகத் தகவல் இல்லை.

அந்த மேசைக்கு வருமுன் தாடை பல படிகள் ஏறி இறங்கியவள். போன இடமெல்லாம் முதலில் கையைப் பார்த்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள். காலமாகிவிட்ட பெரிய முதலாளி மட்டும்தான், "மடிச்சுக் காட்டு" என்றார். காட்டினாள். அன்றிலிருந்து மேசை அவளுடையது. உலகத்திடம் அவள் கேட்டது அவ்வளவுதான்: ஒரு மேசை, ஒரு விரிப்பு, எதிர்முனையில் ஒரு ஆள்.

இப்போது புது விதி வந்திருந்தது. நூற்றுக்கு ஐந்து பேர் மாற்றுத்திறனாளிகளாக உள்ள இடம் என்று உள்ளடக்க மையம் சான்று கொடுத்தால்தான் மருத்துவமனைகள் துணி அனுப்பும். நாற்பதுக்கு ஐந்து சதவீதம் என்றால் இரண்டு பேர்.

"ஒருத்தங்க ஏற்கனவே இருக்காங்க சார்!" என்று சின்ன முதலாளி தாடையை முன்னால் நிறுத்தினார். கட்டிய வீட்டில் கிணறு ஏற்கனவே இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி.

நெறியாளர் ஈரக் கோட்டோடு அவள் முன் நின்று தலை சாய்த்தார். பேசத் தொடங்குமுன் சாய்க்கும் தலை அது.

"அம்மா, உங்களைப் பார்க்கும்போது நான் ஒரு கையைப் பார்க்கவில்லை."

தாடை வலது பக்கம் குனிந்து பார்த்தாள். "நானும்தான் சார்."

"நான் பார்ப்பது ஒரு சாத்தியத்தை! உங்களைப் போன்றவர்கள் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவோம்? நான் இந்தத் துறைக்கு வந்தபோது எங்கள் மையத்துக்கு ஒரு நாற்காலிதான். இன்று நான்கு மாடி. இந்த வளர்ச்சி யாருடையது? உங்களுடையது அம்மா, உங்களுடையது."

பரிவாரத்தில் ஒரு பெண்மணி கழுத்தில் அளவுநாடா போட்டுக்கொண்டு நின்றார். பதவி நீளமானது, கூடத்தில் அன்றே அவருக்கு அளவுகாரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் கேட்டார்: "உங்க தேவை என்னன்னு கூச்சப்படாம சொல்லுங்க."

"பெருசா ஒண்ணும் இல்லைம்மா. பொம்பளைங்க கக்கூஸ் தாழ்ப்பாள் இறுகிப்போச்சு. ஒரு கையால கதவை அழுத்திக்கிட்டே இன்னொரு கையால தள்ளினாத்தான் விழுது. நான் போனா இவதான் வெளியில காவல் நிக்கிறா."

"பாட்டும் பாடறேன். அதுக்குத் தனியா காசு வாங்கறதில்லை" என்றாள் ரேடியோ.

அளவுகாரம்மா சிரிக்கவில்லை. "தாழ்ப்பாள் ஒரு அறிகுறி. நாங்க வேரைப் பாக்கறவங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்களை அளவெடுக்கறோம்."

அன்று மாலையே பாய்லர்காரர் தாழ்ப்பாளில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார். தேவை தீர்ந்தது. மையம் அதற்காகத் தன் உதவியை நிறுத்திக்கொள்ளவில்லை.

வீட்டில் மாமியாருக்குக் காது மந்தம். அடுப்படியில் ஒளித்துப் பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

"என்னடி, நாளைக்கு இருக்கறதுலயே நல்ல புடவையா எடுத்து வைக்கிறே?"

"உள்ளடக்க மையத்துலேர்ந்து வர்றாங்க அத்தை."

"அடக்கமா? யாருக்கு?"

"எனக்குத்தான்."

மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். "எப்ப எடுக்கறாங்க?"

"பத்து மணிக்கு."

"வெயிலுக்கு முன்னாடியே எடுத்துட்டா நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போனார்.

கணவன் முடிதிருத்துபவன். இதைக் கேட்டுச் சிரித்து முடித்ததும் அவன் முகம் மாறியது. "கடைக்கு இன்னிக்கு ஒருத்தர் வந்தாரு. பெட்டி செய்யற கம்பெனில வேலையாம். அங்கயும் இந்த மையம் வந்துச்சாம்."

"வந்து?"

"அதுக்குள்ள கத்தியோட காதுகிட்ட வந்துட்டேன். ஆள் பேச்சை நிறுத்திட்டாரு."

"அப்புறமாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். 'நல்லாத்தான் உதவி பண்ணாங்க'ன்னாரு. அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. ஃபேனுக்கு நேர் கீழதான் உக்காந்திருந்தாரு, கழுத்துத் துணி தொப்பலா நனைஞ்சிருச்சு."

மறுநாள் அளவெடுத்தார்கள். உயரம், எட்டு வைக்கும் தூரம், கை எட்டும் தூரம், உட்கார்ந்தால் எவ்வளவு. பிறகு அளவுகாரம்மா தரையில் ஒரு விரிப்பைப் போட்டு அவளைப் படுக்கச் சொன்னார்.

"எதுக்கும்மா படுத்த அளவு?"

"எல்லா அளவும் கையில இருக்கறது நல்லதுதானே?"

பிறகு மடிக்கச் சொன்னார்கள். தாடையும் ரேடியோவும் நேருக்கு நேர் நின்று, உதறி, சேர்த்து, நெருங்கி, விலகி மடித்தார்கள். ரேடியோ தன் நாத்தனார் வீட்டுத் தகராறு ஒன்றைத் தொடங்கி, அது சமாதானமாகுமுன் ஒரு ட்ராலி நிறைந்துவிட்டது. நெறியாளர் முகம் வாடியது.

"பிரச்சினை" என்றார்.

"என்ன சார்?" என்று சின்ன முதலாளி பதறினார்.

"இவங்க எல்லாரையும் மாதிரியே மடிக்கறாங்க. மாற்றுத்திறனாளின்னா ஒரு மாற்றம் தெரியணும் இல்லையா? இவங்ககிட்ட திறன் இருக்கு, மாற்றத்தைத்தான் காணோம். கணக்குல சேர்க்க வழியில்லை."

"கை இல்லையே சார்!"

"அது உங்க பார்வை. நாங்க கையைப் பாக்கறதில்லைன்னு நேத்தே சொன்னேனே."

சின்ன முதலாளி தாடையிடம் வந்து குனிந்தார். "அக்கா, கொஞ்சம் மெதுவா மடிங்களேன். கெஞ்சிக் கேக்கறேன்."

"நான் மெதுவாப் போனா இவ அந்தப் பக்கம் இழுக்கறாளே சார்."

"எனக்கு மெதுவா வராது" என்றாள் ரேடியோ. "எங்கம்மா வயித்துலயே ஏழு மாசத்துக்கு மேல என்னால காத்திருக்க முடியலை."

அளவுகாரம்மா நாடாவை விரலில் சுற்றினார். "இதுதான் சார் வேர். எதிர்ல ஒரு ஆள் இருக்காங்க. அது மறைமுகச் சார்பு. இவங்களோட குறையை அந்த ஆள் மறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. பிரிச்சு வச்சாத்தான் இவங்க முழுசா வெளிப்படுவாங்க."

இப்படித்தான் அறை வந்தது.

உலர்த்தும் கூடத்தை ஒட்டி, முன்பு சோப்பு மூட்டைகள் அடுக்கிய இடம் அது. சோப்புக்கு வெளிச்சம் தேவையில்லை என்பதால் ஜன்னல் கிடையாது. நன்றாக நடக்கிற தாடைக்காக வாசலில் சரிவுப்பாதை போட்டார்கள். சுவர் முழுவதும் பிடித்துக்கொள்ளக் கம்பி. அதைப் பிடிக்கத்தான் கை ஒன்று குறைந்தது. நடுவில் அவள் அளவுக்கென்றே செய்த பலகை மேசை. அது சரியாக அவள் படுத்த நீளம். கதவில் வெள்ளை எழுத்து: 'உள்ளடக்கம் 1'.

திறப்பு நாளன்று ரேடியோ அந்த எழுத்தைப் படித்துவிட்டு, "ஒண்ணுன்னு போட்டிருக்கே. அப்ப ரெண்டு, மூணெல்லாம் எங்கக்கா?" என்றாள்.

அளவுகாரம்மா நாடாவை விரித்து நடைவழியை அளக்கப் போனார்.

ஒற்றை ஆளாக விரிப்பு மடிப்பது எப்படி என்பதை எவரும் முயன்று பார்க்கலாம். ஒரு முனையைப் பிடித்தால் மூன்று முனை தரையில். தரையில் பட்டால் திரும்பத் துவைக்க வேண்டும். தாடை முழங்கை மடக்கிலும் பல்லிலும் பிடித்துப் பார்த்தாள். மாலையில் அளவுகாரம்மா வந்து பார்த்தபோது பலகையின் மேல் கோணல்மாணலாகக் கொஞ்சம் விரிப்புகள், தரையில் மிச்சம்.

அளவுகாரம்மா அவளுடைய இடது கையைப் பற்றிக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "இப்பத்தான் உங்க குறை எங்களுக்குத் தெரியுது. வாழ்த்துகள்."

தாடை கணக்கில் ஏறினாள்.

அதற்கடுத்த வாரம் கொத்தனார்கள் மறுபடி வந்தார்கள். நடைவழி நெடுக அறைகள் எழுந்தன. இரண்டு, மூன்று, நான்கு. கதவு போட்டு, எண் எழுதி, உள்ளே விளக்குப் போட்டு, காலியாக வைத்தார்கள். பகலிலும் விளக்கு எரிந்தது.

"யாருக்குங்க இதெல்லாம்?" என்று கொத்தனாரிடம் கேட்டார் பாய்லர்காரர்.

"தெரியாதுங்க. ஆள் வருவாங்கன்னு சொன்னாங்க."

"இங்க இருக்கறதே நாங்கதானே."

"அதைத்தான் சொன்னாங்க" என்றார் கொத்தனார்.

அன்றிலிருந்து சலவைக்கூடத்தில் மனிதர்கள் மாறிப்போனார்கள். இருபது வருஷமாக ஒரு காலைச் சாய்த்து நடந்த பாய்லர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். வீட்டுக்குப் போய் அழுதார். திக்கிப் பேசும் கணக்கர் தலையை மட்டும் ஆட்டினார். லாரி ஓட்டுநர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு லாரியைப் பின்னுக்கு எடுத்தார். கேட்டின் ஒரு தூண் சாய்ந்தது. யாரும் தும்மக்கூட இல்லை. நடைவழியைக் கடக்கும்போது எல்லாரும் மூன்றாம் அறைக்கு எதிரே சற்று விரைந்தார்கள். ஏன் மூன்றாம் அறை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

இன்னும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. மையம் உதவியை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றது. அதற்குப் பெயர் உணர்வு நாள்.

எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்து அளவுகாரம்மா பேசினார்: "சக ஊழியரின் வலியைப் புத்தகத்தில் படிக்க முடியாது. உடம்பில்தான் படிக்க முடியும். இன்று ஷிப்ட் முடியும்வரை நீங்கள் எல்லோரும் ஒரு கையோடு வேலை செய்வீர்கள். சென்ற வருடம் பெட்டிக் கம்பெனியில் கண்ணைக் கட்டிச் செய்தோம். பலன் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அங்கே இப்போது ஒன்பது சதவீதம்."

கணக்கர் எதையோ சொல்ல வாயெடுத்து, அறைகளைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

எல்லாருடைய வலது கையையும் முதுகுக்குப் பின்னால் துணியால் கட்டினார்கள். உருளையில் வேலை செய்பவரை எல்லாரும் உருளையண்ணன் என்பார்கள். அவர் மட்டும் கையை நீட்டவில்லை.

"அம்மா, இதுக்கு ரெண்டு கை வேணும். ஒண்ணு ஷீட்டைத் தள்ள. இன்னொண்ணு நான் உள்ள போகாம இருக்க."

"அந்த பயத்தைத்தான் நீங்க உணரணும்."

"நான் தினமும் உணர்றேன்மா."

"அப்ப இன்னிக்கு இன்னும் ஆழமா உணருங்க" என்று அளவுகாரம்மா முடிச்சைத் தாமே போட்டார்.

தாடையை அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். "இன்னிக்கு எல்லாரும் நீங்களா இருக்காங்க. நடுவுல நீங்களும் நீங்களா வந்து நின்னா குழப்பம்" என்று விளக்கமும் சொல்லியிருந்தார்கள். அவள் பலகை மேசையருகே நின்று வெளியே எழும் சத்தத்தைக் கேட்டாள். தொட்டிகள் நிரம்பி வழிந்தன. யாரோ சிரித்தார்கள். ட்ராலி ஒன்று சுவரில் மோதியது. ரேடியோவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே: "ஐயோ, ஒத்தைக் கையால இந்த முடியை எப்படிக் கட்டறது? அக்கா தினமும் எப்படித்தான்..."

அந்த வாக்கியம் முடியவில்லை.

உருளை விரிப்பை மட்டும் இழுத்துக்கொண்டு போகவில்லை. நிறுத்தும் சிவப்புப் பொத்தான் வலது பக்கம் இருந்தது. வலது கைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ரேடியோ ஓடிவந்து, கட்டாத கையால் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டே, நெற்றியால் மோதி அதை அழுத்தினாள். உருளை நின்றது. ஆவி அடங்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. உருளையண்ணனின் இடது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன.

அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றும்வரை நெறியாளர் தலை சாய்த்து நின்றார். வண்டி கேட்டைத் தாண்டியதும் நடைவழிப் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ரெண்டாம் அறையில பெயின்ட் காய்ஞ்சிடுச்சா?"

காய்ந்திருந்தது. ஆனால் உருளையண்ணன் வரவில்லை. அவர் மனைவி மருத்துவமனையிலிருந்தே அவரைத் தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பழக்கூடையோடு பார்க்கப் போன அளவுகாரம்மாவிடம், "விரலை எடுத்துக்கிட்டீங்க. மிச்சத்தை நான் வச்சுக்கறேன்" என்றாளாம். மையம் இதை ஒத்துழையாமை என்று குறித்துக்கொண்டு, கூடத்தை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தது.

அந்தச் சுற்றில்தான் அளவுகாரம்மா மடிப்பு மேசையருகே நின்றார். ரேடியோ நெற்றியில் கட்டோடு விரிப்பை வெறித்துக்கொண்டிருந்தாள். உருளை நின்ற நிமிஷத்திலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"இவங்க பேசறதே இல்லையா?" என்று, அவள் பேச்சை ஒருநாளும் கேட்டிராதவர்போலக் கேட்டார்.

சின்ன முதலாளி பெருமூச்சு விட்டார். அதில் வருத்தமும் இருந்தது. கணக்குப் பார்க்கிறவனின் நிம்மதியும் இருந்தது. "பிறவியிலேர்ந்தே மேடம்" என்றார்.

ரேடியோ இரண்டாம் அறைக்குப் போனாள்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். தாடை முதலில் முழங்கையால் தட்டிப் பார்த்தாள். பதில் தட்டல் வர இரண்டு நாள் ஆயிற்று. குரல் வர இன்னும் இரண்டு நாள்.

"அக்கா."

"ஏய்! பேசறியாடி?"

"மெதுவா. முதலாளி கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு. நான் பேசினா ஒரு ஆள் குறையுமாம். நாப்பது குடும்பமாம்."

"உனக்கு அங்க என்ன வேலை?"

"ஒண்ணும் இல்லை. கண்ணாடி ஒண்ணு மாட்டியிருக்காங்க. அதைப் பாத்து வாயை அசைச்சுப் பழகணுமாம். நாத்தனாரைப் பத்தி வாயை அசைச்சேன். நல்ல முன்னேற்றம்னு சொன்னாங்க."

தாடை சிரித்தாள். பிறகு சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். அன்று மாலை நேராக நெறியாளரிடம் போனாள்.

"சார், என்னை மேசைக்கு விட்டுடுங்க. அவளையும். நாங்க எப்பவும் போல மடிச்சுக்கறோம்."

நெறியாளர் அன்போடு எழுந்து நின்றார். "தாராளமா போகலாம் அம்மா. அது உங்கள் உரிமை. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் பாருங்கள், மேசைக்குப் போனால் நீங்கள் கணக்கில் வரமாட்டீர்கள். கணக்கு குறைந்தால் சான்று இல்லை. சான்று இல்லையென்றால் மருத்துவமனைத் துணி வராது. துணி வராவிட்டால் மேசை எதற்கு? ஆக, நீங்கள் மேசைக்குப் போனால் மேசை இருக்காது. போகாமல் இருந்தால்தான் மேசை இருக்கும். எது வேண்டும், நீங்களே சுதந்திரமாகச் சொல்லுங்கள்."

தாடை பக்கத்தில் நின்ற சின்ன முதலாளியைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் போகலை சார். மேசை இருக்கட்டும்" என்றாள்.

மேசையும் இருக்கவில்லை. நடைவழி அகலமாக இருந்தால்தான் அணுகல் சரியாகும் என்று அளவுகாரம்மா நாடாவை நீட்டிக் காட்டினார். மேசை இடைஞ்சலாக நின்றது. கால்களைக் கழற்றிப் பலகையைச் சுவரோரம் சாய்த்தார்கள். மடிப்பு வேலை வேறு எங்கோ வெளியாருக்குப் போயிற்று.

"அப்ப நாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டாள் தாடை.

"நீங்க இருந்தாலே போதும்" என்றார் அளவுகாரம்மா.

வீட்டில் இதைச் சொன்னதும் கணவன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டான். "இருந்தாலே போதும்னா? எங்க கடையில அலமாரிக்கு மேல ஒரு பொம்மைத் தலை இருக்கு, விக் மாட்டி. அதைத்தான் அப்படி வச்சிருக்கோம்."

"சம்பளம் வருதுல்ல?" என்றாள் அவள்.

"அதுக்குத்தான் பயமா இருக்கு. வேலை வாங்காம ஒருத்தன் சம்பளம் குடுக்கறான்னா வேற எதையோ வாங்கறான்."

மாமியாருக்கு இது தெளிவாகக் கேட்டுவிட்டது. "இன்னுமா எடுக்கலை?" என்றார்.

சான்று கொடுத்த அன்று கூடத்தில் மேடை போட்டார்கள். நாற்பது பேரும் கைதட்டினார்கள். உருளையண்ணன் இல்லாததால் முப்பத்தொன்பது. நெறியாளர் பேசியது நீளம். அதில் முக்கியமானது இது: "இங்கே நாங்கள் வந்தபோது ஒருவரைக்கூட மாற்றுத்திறனாளி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாரும் ஒன்றாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அத்தகைய அவல நிலையிலிருந்து இந்த நிறுவனத்தை மீட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு விகிதம் பத்தாக உயர்கிறது. அறைகள் தயாராகவே இருக்கின்றன." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கூட்டத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். கைதட்டல் பின்வரிசையிலிருந்து குறைந்துகொண்டே வந்தது.

பிறகு மையத்தின் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பயனாளிகள் இருவரும் சந்தோஷமாக வேலை செய்கிற மாதிரி. அதற்காக மடிப்பு மேசையை எடுத்து, கால்களைப் பூட்டி, விளக்குக்கு நேரே நிறுத்தினார்கள். தாடை ஒரு பக்கம், ரேடியோ மறுபக்கம். நடுவில் ஒரு வெள்ளை விரிப்பு.

படம்பிடிப்பவர் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாடை விரிப்பின் முனையை இடது கையில் எடுத்தாள். மறு முனையைத் தாடைக்கடியில் இடுக்கினாள். எதிர்ப்பக்கம் ரேடியோ உதறினாள். விரிப்பில் காற்று நிறைந்து எழும்பி இறங்கியது. அதற்குமேல் அவர்களை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சேர்த்தார்கள், நெருங்கினார்கள், விலகினார்கள். நெருங்கும்போதெல்லாம் ரேடியோவின் உதடு அசைந்தது.

"நாத்தனார் திரும்பி வந்துட்டாக்கா."

தாடையால் பதில் சொல்ல முடியாது. கண்ணால் கேட்டாள்.

"பெட்டியோட. மாமியாரோட கம்மலையும் எடுத்துக்கிட்டு."

தாடைக்குச் சிரிப்பு முட்டியது. விரிப்பு நழுவவில்லை.

"மடிக்காதீங்க, மடிக்காதீங்க!" என்று படம்பிடிப்பவர் ஓடிவந்தார். "சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அசைஞ்சா படம் கலங்கிடும். அம்மா, நீங்க தாடையை எடுங்க, முகம் மறையுது."

"எடுத்தா விழுந்துடும் தம்பி."

அவர் அவளையும் விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் கையை ஆட்டினார்.

"சரிம்மா. அப்படியே இருங்க. நான் பாத்துக்கறேன்."

விளக்கு மின்னியது. மேசையின் கால்களைக் கழற்ற ஆட்கள் ஏற்கனவே திருப்புளியோடு குனிந்துகொண்டிருந்தார்கள். தாடை முதல் அறைக்குப் போனாள், ரேடியோ இரண்டாம் அறைக்குப் போனாள். மூன்றாம் அறையின் கதவு லேசாகத் திறந்திருந்தது; பாய்லர்காரர் அதைப் பார்க்காமல், நேராக, மிக நேராக நடந்து போனார்.

சில நாள் கழித்துப் பிரதான சாலையின் முனையில் அந்த விளம்பரப் பலகை எழுந்தது. மூன்று மாடி உயரம். கணவன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, தாயையும் தாடையையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனான். மேலே பெரிய எழுத்தில், 'இருப்பவரை இருக்கிறபடியே ஏற்கிறோம்' என்று எழுதியிருந்தது. கீழே தாடை சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"யாருடி இது? நம்ம வீட்டுப் பொண்ணு ஜாடையா இருக்கே" என்றார் மாமியார்.

"உங்க மருமகதான் அத்தை."

"இல்லைடி. நல்லாப் பாரு."

கணவன் அண்ணாந்து பார்த்தான். தாடையும் பார்த்தாள்.

படத்தில் அவளுக்கு இரண்டு கைகள் இருந்தன.